சிர்க்கான் மாவு மூட்டை: பேட்ஜ் போட்டால் போதுமா?

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபவுண்டரியில் சிர்க்கான் மாவு (வார்ப்பு அச்சுக்குப் பயன்படும் கனிமத் தூள்) மூட்டையைப் பிரித்து ஸ்லரி (அச்சுக்குப் பூசும் குழம்பு) கலக்கும் வேலை. மூட்டையை ஒட்டி மீட்டர் வைத்தால் மணிக்கு 0.6 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அலகு), வெளியில் 0.15. கதிர்வீச்சு பேட்ஜ் கேட்டு வாங்கட்டுமா?

பதில்: வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பேட்ஜ் வெளியிலிருந்து உடம்பில் படும் கதிரை மட்டும்தான் பதியும். மூச்சில் போகும் தூசு அதற்குத் தெரியாது. உங்களுக்கு முக்கியம் அந்தத் தூசுதான்.

மூட்டைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 0.6-இல் வெளியில் எப்போதும் இருக்கும் 0.15 போனால் 0.45. மூட்டையை ஒட்டியே வருஷம் 500 மணி நேரம் நின்றாலும் 0.23 மில்லிசீவர்ட்தான் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி). பொதுமக்களுக்கான வரம்பே வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட். ஓர் அடி தள்ளி நின்றால் இன்னும் குறையும்.

சிர்க்கானில் யுரேனியம் பொதுவாக கிராமுக்கு 2 முதல் 4 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் 1 பெக்கரல்). தோரியம் அதைவிடக் குறைவு. இரண்டும் படிகத்துக்குள்ளேயே இருப்பவை, கழுவினால் போகாது. மாவு நுரையீரலில் படிந்தால் எளிதில் கரையவும் செய்யாது. அங்கேயே தங்கி ஆல்ஃபா கதிரை விட்டுக்கொண்டிருக்கும்.

தூசு அதிகம் கிளம்புவது கொட்டும்போது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காலி மூட்டையை மடக்கி அமுக்கும் நேரத்தைக் கவனியுங்கள்: உள்ளே மிச்சமிருக்கும் மாவு ‘புஸ்’ஸென்று நேராக முகத்துக்கு வரும். மூட்டையைத் தொட்டி விளிம்புக்குக் கீழே இறக்கிப் பிரியுங்கள், மெதுவாகக் கொட்டுங்கள், காலிப் பையை உறிஞ்சு குழாயின் வாயருகே வைத்தே சுருட்டுங்கள். தூசு கிளம்பும் இடத்தில் உறிஞ்சும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. வேலூர் வெயிலுக்கு ஃபேன் இல்லாமல் முடியாது, புரிகிறது. ஆனால் மூட்டை பிரிக்கும் இடத்தில் பெடஸ்டல் ஃபேன் வைத்தால் உறிஞ்சு குழாய் இருந்தும் பயனில்லை. வியர்வையில் நனைந்த என்95 மாஸ்க்கை உடனே மாற்றுங்கள். தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் ஒட்டாது.

சிந்திய ஸ்லரி காய்வதற்குள் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தால் மறுபடி மாவுதான். விளக்குமாறும் வேண்டாம், உடுப்பில் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் வேண்டாம்.

ஷெல் (ஸ்லரி பூசிக் காய்ந்த அச்சு ஓடு) உடைக்கும் பிரிவுக்கு உங்களை மாற்றினால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கதிரைவிட சிலிக்கா தூசு மோசம்.

நிர்வாகத்திடம் பேட்ஜோடு காற்று மாதிரியும் கேளுங்கள்: சட்டைக் காலரில் ஃபில்டர், இடுப்பில் நிமிடத்துக்கு 2 லிட்டர் பம்ப், முழு ஷிஃப்ட். ஃபில்டரில் படிந்த தூசின் கதிரை அன்றைக்கே எண்ணினால், காற்றில் இயல்பாக இருக்கும் ரேடான், தோரான் வாயுக்கள் சிதைந்து உண்டாகும் வாரிசுகளும் சேர்ந்து எண்ணிக்கை வீணாகப் பயமுறுத்தும். அவற்றில் ஈயம்-212-இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) மட்டுமே 10.6 மணி நேரம். நான்கு நாள் கழித்து எண்ணச் சொல்லுங்கள்.