கிராபிக்ஸ் கார்ட்: பேர் ஒண்டு, சாமான் வேற (கேள்வி பதில்)

புதுசா பிசி பொருத்துற ஆக்கள் கேட்டதும் அதுக்கான பதிலும். விலை கேக்காதீங்க, அது கிழமைக்குக் கிழமை மாறும்.

கல்முனை: அண்ணே, கடையில ஆர்டிஎக்ஸ் 3060 எண்ட கார்ட் 8 ஜிபியிலயும் 12 ஜிபியிலயும் இருக்கு. மெமரி மட்டும்தான் வித்தியாசம், கேமுக்கு 8 போதும் எண்டு கடைக்காரர் சொல்றார். உண்மையா?

பதில்: இல்லை தம்பி. ரெண்டிலயும் கோர் (கணக்குப் போடுற சின்ன அலகு) 3584தான், அது சரி. ஆனா ஜிடிடிஆர்6 மெமரி சிப் ஒவ்வொண்டுக்கும் 32 பிட் பாதை. 12 ஜிபி கார்டில 2 ஜிபி சிப் 6 இருக்கு. 6 தர 32, 192 பிட். 8 ஜிபியில சிப் 4தான், அதால 128 பிட். ரெண்டிலயும் மெமரி வேகம் 15 ஜிகாபிட். 192ஐ 15ஆல பெருக்கி 8ஆல (8 பிட் ஒரு பைட்) பிரிச்சா செக்கனுக்கு 360 ஜிபி, மற்றதுக்கு 240. மூண்டில ஒரு பங்கு அங்கயே போயிட்டு. மெமரி நிரம்பாத கேமிலயும் 8 ஜிபி கார்ட் பின்னுக்குத்தான் நிக்கும், கோர் வேலைக்கு ஆயத்தமா இருந்தும் தரவு வந்து சேராது. 12 ஜிபி வந்தது 2021இல. 8 ஜிபி 2022 கடைசியில அதே பேரோட சத்தமில்லாம வந்தது. கடையில மூண்டு கேள்வி கேளுங்க: கோர் எத்தினை, பஸ் (மெமரிப் பாதை) எத்தினை பிட், மெமரி என்ன வகை. பெட்டியில இருக்கிற பேருக்குக் காசு குடுக்காதீங்க.

வாழைச்சேனை: டிஐ, சூப்பர், ஓசி எண்டெல்லாம் போட்டிருக்கே?

பதில்: டிஐ, சூப்பர் ரெண்டும் உண்மையான வித்தியாசம். 4070இல கோர் 5888, 4070 சூப்பரில 7168. ஓசி எண்டா கம்பெனி வேகத்தைக் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கு, அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாது. அதுக்குக் குடுக்கிற காசை கேஸுக்கு ரெண்டு ஃபேன் வாங்கப் போடுங்க, நம்மட வெக்கைக்கு அதுதான் உதவும். மூண்டு ஃபேன் கார்ட் எடுக்க முதல் கேஸின் உள் நீளத்தை அளங்க.

சம்மாந்துறை: பாவிச்ச ஆபீஸ் பிசி ஒண்டு இருக்கு. பவர் சப்ளையில கார்டுக்கு வயர் இல்லை. 3050 போடலாமா?

பதில்: எந்த 3050? 8 ஜிபி கார்டுக்கு 130 வாட் வேணும், தனி பவர் வயர் இல்லாம ஓடாது. 2024இல வந்த 6 ஜிபி 70 வாட்தான், பெரும்பாலானதுக்கு மதர்போர்டில கார்ட் செருகுற துவாரத்தில வாற மின்சாரமே போதும். ஆனா அதில கோர் 2304, பஸ் 96 பிட். 8 ஜிபியில 2560, 128 பிட். வேகம் குறைவு எண்டாலும் உங்கட பெட்டிக்கு அதுதான் சரி. மெல்லிய கேஸ் எண்டா அரை உயரக் கார்டா பார்த்து எடுங்க, முழு உயரம் மூடாது. ஹார்ட் டிஸ்க் வயரில கன்வெர்ட்டர் போட்டு 8 ஜிபியை ஓட்டலாம் எண்டு ஆராவது சொன்னா கேக்காதீங்க. அந்தப் பிளக் உருகும்.

காத்தான்குடி: காக்கா, 4060 டிஐ 8ஆ 16ஆ?

பதில்: இதில கோர் ரெண்டிலயும் 4352, பஸ் 128 பிட், வேகம் செக்கனுக்கு 288 ஜிபி. உண்மையாவே மெமரி மட்டும்தான் வித்தியாசம். காசு இருந்தா 16.

ஏறாவூர் (இடையில): 128 பிட்டுக்கு 16 ஜிபி வீண். சின்ன வாசலுக்குப் பெரிய மண்டபம்.

பதில்: வாசல் சின்னன் எண்டது சரி, வீண் எண்டது பிழை. 8 ஜிபி நிரம்பினா மிச்சம் எங்க போகும்? பிசியின்ட ரேமுக்கு. இந்தக் கார்டுக்கு மதர்போர்டோட இருக்கிறது 8 லேன் (தரவு போற வழி) மட்டும். பிசிஐஇ 3.0 எண்ட பழைய வகைத் துவாரம் இருக்கிற மதர்போர்டில அது செக்கனுக்கு 8 ஜிபி அளவுதான். 288 எங்க, 8 எங்க? அப்பதான் கேம் விக்கி விக்கி ஓடும், இல்லாட்டி சுவர், முகமெல்லாம் மங்கலா வரும்.

ஏறாவூர்: நான் 1080பி திரையில வேலரண்ட் கேம் ஆடுறன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பதில்: அந்தக் கேமுக்கு 4 ஜிபியே மிச்சம். அதை வச்சு மற்றவங்களுக்குச் சட்டம் போட ஏலாது.

களுவாஞ்சிக்குடி (இடையில): பிளெண்டரில 3டி படம் செய்யிற ஆக்களுக்கு?

பதில்: 16, யோசிக்க வேணாம். சீன் மெமரிக்குள்ள அடங்காட்டி ரெண்டர் படுத்திடும், இல்லாட்டி இழுபடும். 16 ஜிபியில மெமரி சிப் கார்டின்ட ரெண்டு பக்கமும் இருக்கு, அதால பின்பக்கத்துக்கும் காத்து போக விடுங்க. ஏறாவூர் தம்பி, இதோட முடிப்பம்.

செங்கலடி: லாப்டாப் 4070உம் டெஸ்க்டாப் 4070உம் ஒண்டா?

பதில்: இல்லை. 4608 கோர், 8 ஜிபி அங்க; 5888 கோர், 12 ஜிபி இங்க.

அக்கரைப்பற்று: 8 ஜிபி போதுமா?

பதில்: மேல வாசிங்க.

திருக்கோவில்: கரண்ட் போகேக்க யுபிஎஸ் அணைஞ்சு போகுது.

பதில்: கார்ட் கேள்வி இல்லை. யுபிஎஸ் திருத்துறவரிட்டக் காட்டுங்க.

ஒலுவில்: ஒன்லைன்ல பாவிச்ச 1050 டிஐ மலிவா வருது. எடுக்கலாமா?

பதில்: பின்பக்கப் படம் கேளுங்க. நீல விஜிஏ துவாரம் இருந்தா விட்டுடுங்க, 1050 டிஐ சிப்பில விஜிஏ வெளியீடு இல்லை. பழைய ஜிடிஎஸ் 450 மாதிரிக் கார்டுக்கு பயோஸை (கார்டுக்குள்ள இருக்கிற மென்பொருள்) மாத்தி 1050 டிஐ எண்டு விக்கிறாங்க, விண்டோஸும் அந்தப் பேரையே காட்டும். காசு குடுக்க முதல் ஜிபியூ-இசட் எண்ட கார்ட் விவரம் காட்டுற மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. 768 கோர், ஜிடிடிஆர்5, 128 பிட் வரவேணும். கோர் 192 எண்டு கிடந்தா போலி. கடற்கரைப் பக்கம் பாவிச்ச கார்ட் எண்டா துவாரத்தில செருகுற தங்கக் காலிலயும் திருகாணியிலயும் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கா எண்டு வெளிச்சத்தில பாருங்க. பூப்பு இருந்தா மலிவெண்டாலும் வேணாம்.

பொத்துவில்: 8 ஜிபி 3060 நல்லதா?

பதில்: கல்முனைக்குச் சொன்னதுதான். பேரைப் பாக்காதீங்க, பிட்டைப் பாருங்க.

கல்லடி: தங்கச்சிட படிப்புக்கு ஜிடி 1030?

பதில்: அதிலயும் ரெண்டு வகை. ஜிடிடிஆர்5 கார்ட் செக்கனுக்கு 48 ஜிபி, டிடிஆர்4 கார்ட் 16.8. ரெண்டு பெட்டியிலயும் பெரிய எழுத்தில ஜிடி 1030 எண்டுதான் கிடக்கும், மெமரி வகை மூலையில சின்னதா. படிப்புக்கு எண்டா புரொசசரிலயே கிராபிக்ஸ் இருக்கா எண்டு முதல்ல பாருங்க. இருந்தா ரெண்டும் தேவையில்லை.