வாங்கெல் எஞ்சினின் தொடக்க காலம்: கேள்வி பதில்

கேள்வி: முதல் உலகப் போர் விமானங்களில் இருந்ததும் இதே ரோட்டரி எஞ்சின்தானா?

பதில்: இல்லை, பெயர்தான் ஒன்று. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக மூன்று முனை கொண்ட ரோட்டர் ஓர் உறைக்குள் சுழலும். அங்கே சிலிண்டர்களே சுழன்றன. உள்ளே வழக்கமான பிஸ்டன்கள்தான்.

கேள்வி: ரோட்டரி ஆயில் குடிப்பது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ரோட்டருக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கும் சீல் தேயாமல் இருக்க ஆயிலைச் சிறிதளவு எரி அறைக்குள் வேண்டுமென்றே விடுகிறார்கள். அளவுகோலை உருவிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: மஸ்டாவில் "சாத்தானின் நகக்கீறல்" என்றார்களே, அது என்ன?

பதில்: இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் உறையின் உட்சுவரை உரசியபடியே ஓடும். வேகத்தில் அவை அதிர்ந்து துள்ளியதால், குரோமியம் பூசிய சுவர் தகரக் கூரைபோல நெளிநெளியாகிவிட்டது. மஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு சீலின் முனையருகே நீளவாக்கிலும் குறுக்காகவும் துளையிட்டது. சீலின் இயல்பு அதிர்வெண் மாறியது, துள்ளல் அடங்கியது. 1967-ல் மஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தபோது அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு துளைகளில் விடை கிடைத்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் வந்ததா?

பதில்: 1974-ல் சுசுகி ஆர்இ5 வந்தது. அதை ஓட்டியவர்களிடம் கேளுங்கள். என் பழக்கம் கார்களோடுதான்.

கேள்வி: வாங்கெலின் எஞ்சினுக்குப் பாஷ்கேயை ஏன் புகழ்கிறார்கள்?

பதில்: 1957 பிப்ரவரியில் ஜெர்மனியின் நெக்கார்சுல்மில், என்எஸ்யு வாகன நிறுவனத்தின் ஆலையில் ஓடிய முதல் வாங்கெல் எஞ்சினான டிகேஎம் 54-ல் ரோட்டரோடு உறையும் சுழன்றது. ஓட்டம் வழுவழுப்பானது. ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும்! என்எஸ்யு பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே உறையை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் மையம் விலகிச் சுழல விட்டார். பிளக் வெளியே கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. பந்தயக் குதிரையை ஏர்க்குதிரை ஆக்கிவிட்டீர்கள் என்று வாங்கெல் சீறினார்.

கேள்வி: என் வண்டியிலும் ஆயில் குறைகிறது...

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். அளவுகோலைப் பாருங்கள்.

கேள்வி: மூலக் கருத்து வாங்கெலுடையது. பாஷ்கே அதை எளிமையாக்கியவர் மட்டுமே. ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: அந்த "மட்டுமே" என்ற சொல்லை ஏற்க மாட்டேன். முனை, பக்கம் என எல்லா இடைவெளிகளையும் ஒரே வலையாக அடைக்கும் சீல் அமைப்பு வாங்கெலின் சாதனை. அதில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் 1964-ல் விற்பனைக்கு வந்த என்எஸ்யு ஸ்பைடர் காரின் எஞ்சினைத் திறந்து பாருங்கள். அதில் உறை சுழலவில்லை.