குப்பைமேனியும் பூனையும்

அன்புள்ள ஐயா,

கொல்லையில் களை பிடுங்கிக் குவித்திருந்தேன். எங்கள் வீட்டுப் பூனை ஓடி வந்து அதில் விழுந்து புரண்டது. குப்பைமேனி வேரைக் கடித்து, எச்சில் வடிய முகத்தைத் தேய்த்தது. வலிப்போ விஷமோ என்று பதறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து போய்விட்டது. குப்பைமேனியை அடியோடு எடுத்துவிட வேண்டுமா? விதை போட்ட வெண்டைப் பாத்தியை வேறு அது கக்கூஸ் ஆக்கி வைத்திருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்,

வலிப்பும் இல்லை, விஷமும் இல்லை. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு. விசேஷம் வேரில்தான். செடி மண்ணில் நிற்கும்வரை எங்கள் கடுவன் அதை ஏறிட்டும் பார்க்காது. பிடுங்கிப் போட்டால் போதும், எந்த மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் வந்துவிடும். வேரை முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கடைவாயில் வைத்து மெல்லும். தாடை, கன்னம், பிடரி என்று தேய்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையை நீட்டினால் கடி நிச்சயம். அப்புறம் சட்டென்று அலுத்துவிடும்.

மேல்நாட்டில் பூனைக்கென்றே விற்கிற கேட்னிப் செடி செய்யும் வேலைதான் இது. அதன் வாசனைப் பொருளுக்கு நெருங்கிய உறவான பொருள் குப்பைமேனி வேரிலும் இருக்கிறது. கேட்னிப்புக்கு எல்லாப் பூனையும் மயங்குவதில்லை. அது பரம்பரையாக வருவது. ஜப்பானில் மடடாபி என்ற கொடியின் இலையிலும் பூனைகள் இப்படித்தான் புரளும். அப்படித் தேய்த்துக்கொண்ட பூனையைக் கொசு அதிகம் அண்டுவதில்லை என்று இவாதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் எழுதினார்கள். எங்கள் ஊர்க் கொசுவிடம் கடுவனை அனுப்பிப் பார்க்க வேண்டும்!

அதனால் ஓரமாக நாலு செடி இருக்கட்டும். சொறி சிரங்குக்கு இலையை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசுவது உங்கள் வீட்டிலும் பழக்கம்தானே? ஒரு நாள் செடியை நேர் மேலிருந்து பாருங்கள். கீழ் இலைகளுக்குக் காம்பு நீளம், மேலே போகப் போகக் குட்டை. ஒன்றின் வெயிலை இன்னொன்று மறைக்காது.

பிடுங்க வேண்டியது வேறு. தொட்டியில் லில்லி இருந்தால் எடுத்துவிடுங்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். பூங்கொத்தில் வருவதும் அதேதான். வேலியில் செங்காந்தள் இருந்தால் அதன் கிழங்கும் ஆகாது.

வெண்டைப் பாத்தி விஷயம் சுலபம். கொத்திவிட்ட பொலபொலப்பான மண் என்றால் பூனைக்குக் கொண்டாட்டம். எலுமிச்சையைக் கவாத்து செய்த முள் கிளைகளை விதைத்த அன்றே பரப்பிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு மண்ணைத் தொடுங்கள். பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கலாம், கர்ப்பிணிகளுக்கு ரொம்பவே ஆகாது. செடி முழங்கால் உயரம் வந்ததும் முள்ளை எடுத்துவிடலாம். அதற்குள் பூனை பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைப் பழகியிருக்கும்.