சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லையே!

கேள்வி: எங்கள் வீட்டு டிவிடி பிளேயரில் பாட்டு சிடி போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. டிவிடி போட்டால் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. கடையில் வாங்கிய நல்ல டிஸ்க்தான், கீறல் கிடையாது. பிளேயரை மாற்ற வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். சிடி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டார் சுற்றுகிறது, டிஸ்க்கைப் பிடிக்கிற கிளாம்ப் பிடிக்கிறது, உள்ளே கரன்ட் போகிறது என்று அர்த்தம். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் ஒரே லென்ஸ் யூனிட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் ஒன்று மங்கிப்போய் இன்னொன்று நன்றாக இருப்பது சகஜம்.

லேசர் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, டிவிடியில் 0.74தான், அதனால் லென்ஸ் லேசாக மங்கினாலும் முதலில் அடிபடுவது டிவிடிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது) கொஞ்ச நேரம் கழித்து மேல்மூடியைக் கழற்றுங்கள். பவர் சப்ளை போர்டு பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகவே வேண்டாம், கெப்பாசிட்டரில் கரன்ட் மிச்சம் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, லென்ஸின் நடுவிலிருந்து ஓரம்வரை மெதுவாக ஒரு சுற்று. தொட்டவுடன் லென்ஸ் ஆடும், பயப்படாதீர்கள், மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அது ஆடத்தான் செய்யும். அழுத்தினால்தான் ஆபத்து. எச்சில், தண்ணீர், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் மூடியை மாட்டிய பிறகே கரன்ட் கொடுங்கள், திறந்தபடி ஓடவிட்டு லென்ஸைக் குனிந்து பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல.

துடைத்தும் அப்படியே இருந்தால் சிவப்பு லேசர் பலவீனமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். லென்ஸ் யூனிட் ஓரத்தில் ஒரு குட்டி பிரிசெட் (லேசருக்குப் போகும் கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு) இருக்கும், அதைத் திருகினால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து திருகாதீர்கள். சில நாள் ஓடும்தான், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளையும் சேர்த்து எரித்துவிடும். உங்கள் மாடலுக்கான லென்ஸ் யூனிட் கிடைத்தால் அதை மாற்றுவதுதான் சரியான வழி.

கேள்வி: படம் முதல் பாதி நன்றாக ஓடி, அப்புறம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. எந்த டிஸ்க் போட்டாலும் இதே கதைதான்.

பதில்: டிவிடி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. எல்லா டிஸ்க்கிலும் ஒரே மாதிரி என்றால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும், லென்ஸ் வெளியே நகர முடியாமல் திணறுகிறது. பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கிரீஸைத் துளி வையுங்கள், எண்ணெய் வேண்டாம். ஒரே ஒரு டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடர்ந்தால் அது கோளாறே இல்லை. அது இரண்டு அடுக்கு டிஸ்க்காக இருக்கும், முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதுக்கு லேசர் ஃபோகஸ் மாற்றுகிற நேரம் அது.

கேள்வி: எஜெக்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே உர்ரென்று சத்தம் வருகிறது, டிரே வெளியே வரவில்லை.

பதில்: ரப்பர் பெல்ட். நாளானால் தளர்ந்து வழுக்கும். மூடியைக் கழற்றினால் டிரே பக்கத்திலேயே தெரியும், அதே அளவில் வேறு பெல்ட் போடுங்கள். அதுவரை டிரேயைக் கத்தி வைத்து நெம்பாதீர்கள், பல்சக்கரம் உடைந்தால் வேலை பெரிதாகிவிடும்.

கேள்வி: டிவியை மாற்றியதிலிருந்து படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது!

பதில்: பிளேயர் மேல் பழி போடாதீர்கள். மஞ்சள் வயரைப் பச்சை சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள், அதில் வெளிச்ச சிக்னல் மட்டும்தான் போகும், நிறம் போகாது. சில டிவிகளில் அந்தப் பச்சை சாக்கெட்டே மஞ்சள் வயருக்கும் பச்சை வயருக்கும் பொதுவாக இருக்கும், அப்படியானால் டிவியில் ஏவி இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் சரியாக இருந்தால் பிளேயர் மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி கலர் முறைகளின் அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ பதிந்த டிவிடி எங்கள் பிளேயரில் படிக்கவே மாட்டேன் என்கிறது. மற்றவை ஓடுகின்றன.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் பதிவு செய்கிற டிஸ்க்கில் படம் பதிவது ஒரு சாயப் பூச்சில். அது நாளாக ஆக மங்கும், வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம். ஒரு பிளேயர் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடுவது உண்டு, அதனால் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு டிரைவ் மறுத்தால் வேறொன்று. ரெக்கார்டரில் நேரடியாகப் பதிந்த டிஸ்க் என்றால் ஃபைனலைஸ் (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்துவைப்பது) செய்யாமல் விட்டிருக்கலாம், பதிந்த அதே ரெக்கார்டர் கிடைத்தால் அதிலேயே செய்துவிடலாம். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வட்டமாக விழுகிற கீறல் தடத்தோடு சேர்ந்தே போவதால் அதைச் சமாளிப்பது பிளேயருக்குக் கஷ்டம். எந்த டிரைவிலாவது ஒரு தடவை ஓடினால், உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, வேறு இடத்தில் இன்னொரு காப்பியும் வைத்துவிடுங்கள்.