வீட்டு முற்றத்தில் வைத்து மாருதி 800 இன் கியர்பொக்ஸைக் கழற்ற முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: கிளிநொச்சியில் இருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம், மாருதி 800, கிளச் போய்விட்டது போலத் தெரிகிறது, கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகாமல் வீட்டிலேயே கியர்பொக்ஸை இறக்கலாமா, கையில் இருப்பது ஒரு ஜக்கும் ஒரு ஸ்பானர் செற்றும்.

இறக்கலாம். நான் ஒட்டுசுட்டான் பக்கம், மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. என்னுடைய மாருதியின் கியர்பொக்ஸை வீட்டு முற்றத்தில் இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன், மச்சானுடைய காரில் ஒரு தடவை. ஆனால் அந்த ஒரு ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே வேண்டாம். ஜக் என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. காரைத் தாங்கி நிற்கும் ஸ்ராண்ட் இரண்டாவது இரவல் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரைக்கும் கார் அப்படியே நிற்கட்டும்.

இறக்குவதற்கு முன்னால் போனது கிளச்தானா என்று பாருங்கள். எஞ்சின் இரைகிறது, கார் அந்த அளவுக்கு இழுக்கவில்லை, ஏற்றத்தில் இன்னும் மோசம் என்றால் கிளச் பிளேட் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் அதில் ஒயில் பட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கியர் விழ மறுக்கிறது, நிறுத்தினால் லேசாக விழுகிறது என்றால் கிளச் முழுவதும் விலகவில்லை, அது வெறும் கேபிள் தளர்ச்சியாகக்கூட இருக்கலாம், பத்து நிமிட வேலை. சத்தத்தையும் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பெயாரிங், அதாவது மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளி விலக்கும் பெயாரிங். மிதிக்காமல் நியூட்ரலில் விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பொக்ஸுக்குள்ளேயே ஒரு பெயாரிங் போகிறது, அப்போது கிளச் மாற்றி மட்டும் பிரயோசனம் இல்லை. இதைப் பார்க்காமல் இறக்கிவிட்டு, பிறகு கேபிள்தான் பிழை என்று கண்டுபிடித்தால் இரண்டு நாள் வீண்.

சரி, கிளச்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது இடம். எங்கள் பக்கத்து நிலம் உங்களுக்குத் தெரியும், வெயிலில் கல் மாதிரி இருக்கும், மழை பெய்தால் அடியில் ஈரம் பல நாள் நிற்கும், மேலே காய்ந்தது போலத்தான் தெரியும். நான் முதல் தடவை செய்தது கார்த்திகையில், மழை விட்டு இரண்டு நாள் கழித்து. ஸ்ராண்டுகளை நேரே மண்ணில் வைத்தேன். காலையில் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் வலது பக்கம் முன்சில்லு இருந்த இடத்தில் இருந்து கையை உள்ளே விட்டு ஒரு போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது கார் மெல்ல, சத்தமே இல்லாமல், என் பக்கம் சாய்ந்தது. ஸ்ராண்டின் ஒரு கால் நாலு விரல் ஆழம் மண்ணுக்குள் போயிருந்தது. கையை இழுத்த பிறகுதான் "டொக்" என்று கேட்டது. கழற்றிய சில்லுகள் இரண்டையும் பக்கவாட்டில் காருக்குக் கீழே படுக்க வைத்திருந்தேன், காரின் பொடி அதில் போய் உட்கார்ந்துவிட்டது. சில்லைக் கீழே போடச் சொல்லித் தந்தது சித்தப்பா. அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கையால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால் கொங்கிறீற் போட்ட இடம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்ராண்டுக்கும் கீழே தடித்த பலகை, இரண்டு விரல் தடிப்பாவது வேண்டும், முதிரையோ பாலையோ கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை வைக்காதீர்கள். மெல்ல அமுங்கினால் பார்த்து விலகலாம், சீமெந்துக் கல் ஒரு நொடியில் நொறுங்கும். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சிலர் குழி வெட்டி அதற்கு மேல் காரை நிறுத்துவார்கள், நான் வேண்டாம் என்பேன், மண் சரியும், பெற்றோல் ஆவி கீழே தங்கும், அதோடு வன்னியில் கண்ணிவெடி மிச்சம் இருக்கலாம் என்பதால் எல்லாக் காணியிலும் நினைத்தவுடன் மண்வெட்டி போடவும் முடியாது, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சோளகம் அடிக்கும் மாதங்களில் செய்தால் நிலம் காய்ந்திருக்கும், ஆனால் புழுதி. சுற்றிவரத் தறப்பாள் கட்டுங்கள், திறந்த பாகம் எதையும் துணி மூடாமல் விடாதீர்கள்.

இப்போது வேலை. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், ஸ்ராட்டர் மோட்டர் வயரில் கை வைக்கப் போகிறோம். அப்புறம் ஒயில். கியர்பொக்ஸில் ஒயில் விடும் போல்ட் பக்கவாட்டில், ஒயில் எடுக்கும் போல்ட் அடியில். முதலில் விடும் போல்ட்டைத் திறந்து பாருங்கள், அது திறந்த பிறகுதான் அடியில் உள்ளதைத் தொடுங்கள். பழைய கார்களில் மேல் போல்ட் இறுகிப்போய்த் திறக்க முடியாமல் போனால், ஒயிலை வடித்துவிட்டுத் திரும்ப நிரப்ப வழி இல்லாமல் நிற்பீர்கள். வடிந்த ஒயிலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், மெல்லிய சாம்பல் பசை என்றால் வழமையான தேய்மானம், மினுங்கும் துண்டுகள் என்றால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. அந்த ஒயிலைக் கேனில் அடைத்துக் கராஜ் பக்கம் போகும்போது கொடுங்கள், கிணறு இருக்கும் வளவில் ஊற்றாதீர்கள்.

மேலே இருந்து கழற்ற வேண்டியவை கிளச் கேபிள், ஸ்பீட் மீற்றர் கேபிள், ரிவேர்ஸ் லைட் வயர், பொடிக்குப் போகும் ஏர்த் வயர், ஸ்ராட்டர். கீழே இருந்து கியர் தடி. ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள், இரண்டு கோணத்தில். போல்ட்டுகள் விஷயத்தில் படம் போதாது, பெல் ஹவுசிங்கில் (கியர்பொக்ஸ் எஞ்சினோடு சேரும் அகன்ற பகுதி) போல்ட்டுகளின் நீளம் ஒரே அளவில் இருக்காது, நீளமானதைக் குட்டையானதின் துளையில் முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். நான் செய்வது, ஒரு மட்டை அட்டையில் கியர்பொக்ஸின் வட்டத்தைக் கீறி, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைப்பது. வேலை இரண்டு வாரம் இழுபட்டாலும் அட்டை மறக்காது.

அக்சில் இரண்டும் வெளியே வர வேண்டும். சில்லுப் பக்கத்து நட்டைத் திறக்கத் தேவையில்லை, கீழே ஹப்பை (சில்லு பூட்டும் பகுதி) பிடித்திருக்கும் போல் ஜொயின்றைக் கழற்றி, ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்தால் உள்பக்க முனையை விடுவிக்க இடம் கிடைக்கும். சின்ன அலவாங்கை அக்சிலுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் கொடுத்து ஒரு வெட்டு வெட்டினால் உள்ளே இருக்கும் வளையம் விட்டு வெளியே வரும். மெல்ல மெல்ல நெம்பினால் வராது, சட்டென்று வெட்ட வேண்டும், ஆனால் அலவாங்கு ஒயில் சீலில் படக்கூடாது. ஒயிலை வடிக்காமல் இதைச் செய்தால் முகத்தில்தான் ஊற்றும். அக்சிலைத் தொங்க விடாமல் கயிற்றால் கட்டுங்கள், தொங்கினால் ஜொயின்ற் இழுபட்டு றப்பர் பூட் கிழியும். (ரவுன்ஏஸ், ஹையேஸ் மாதிரிப் பின்சில்லு இழுக்கும் வாகனம் என்றால் இந்த அக்சில் வேலை இல்லை, பதிலுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட். கழற்றும் முன் இரண்டு பக்கத்திலும் ஒரு கோடு போட்டு, அதே மாதிரித் திரும்பப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது அதிரும்.)

கியர்பொக்ஸ் தாங்கியைக் கழற்றினால் எஞ்சின் ஒரு பக்கம் சரியும். அதனால் அதைத் தொடும் முன்னரே எஞ்சினுக்குக் கீழே ஒயில் தொட்டியில் அகலமான பலகை வைத்து ஜக்கால் தொட்டும் தொடாமலும் தாங்குங்கள், பலகை இல்லாமல் ஜக்கை வைத்தால் தொட்டி நெளியும். உங்கள் ஒரே ஜக் இங்கே வேலைக்குப் போய்விடுகிறது, அதனால்தான் கார் நிற்பது ஸ்ராண்டில் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகும் கியர்பொக்ஸ் அசையாது. பயப்பட வேண்டாம். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் இரண்டு ஊசிகள் இருக்கின்றன, துருப்பிடித்து அவைதான் பிடிக்கும். அப்படியும் வராவிட்டால் ஒரு போல்ட்டை மறந்திருக்கிறீர்கள், மேலே ஸ்ராட்டர் பக்கம் கையை விட்டு இன்னொரு தடவை தடவுங்கள். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு விளிம்பில் மெல்லத் தட்டி இடைவெளி எடுங்கள்.

அதன் பிறகு வருகிற இரண்டு மூன்று அங்குலம்தான் இந்த வேலையிலேயே முக்கியமானது. கியர்பொக்ஸில் இருந்து வரும் தண்டு கிளச் பிளேட்டின் நடுவுக்குள் செருகி நிற்கிறது. அது முழுவதும் வெளியே வரும் வரைக்கும் கியர்பொக்ஸ் நேராக, சாயாமல் எஞ்சினை விட்டு விலகி வர வேண்டும். முதல் தடவை நான் தனியாகக் கீழே படுத்து நெஞ்சில் தாங்கிக்கொண்டு இழுத்தேன். பாதி வந்ததும் கை ஓய்ந்துவிட்டது, கட்டை ஒன்று எடுக்கலாம் என்று அப்படியே விட்டேன், அந்த முழுப் பாரமும் தண்டில் தொங்கியது. வெளியில் ஒன்றும் தெரியவில்லை. பிளேட் புதிதாக மாற்றிய பிளேட்தான், இன்னும் நல்லது என்று நினைத்துத் திரும்பப் போட்டேன் (அந்தத் தடவை நான் இறக்கியது பெயாரிங் சத்தத்துக்காக). எல்லாம் பூட்டி முடித்து ஓடினால் கிளச் விலகவே இல்லை, முதலாம் கியர் கரகரவென்று சத்தம் போட்டது. மறுபடி இறக்கிப் பார்த்தால் பிளேட் வளைந்திருக்கிறது. என்னுடைய காரில் இரண்டு தடவை என்று சொன்னேனே, இரண்டாவது தடவை இதற்காகத்தான். ஆகவே இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கீழே, ஒருவர் மேலே இருந்து கயிற்றால் பிடிக்க. பழைய ரயர் ஒன்றை நேர் கீழே போட்டு வையுங்கள், அதில் இறக்கினால் கையும் தப்பும் கியர்பொக்ஸும் தப்பும்.

இறக்கியாயிற்று, கிளச்சைப் பார்க்கலாம். பிரஷர் பிளேட்டிலும் (கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) ஃபிளைவீலிலும் (எஞ்சின் முனையில் சுற்றும் சக்கரம்) சேர்த்துக் கியூட்டெக்ஸால் ஒரு கோடு போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும், ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தட்டு வளையும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை ஊதவே வேண்டாம், பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு ரிலீஸ் பெயாரிங்கையும் எஞ்சின் பின்பக்கத்து ஒயில் சீலையும் அக்சில் சீல்களையும் விட்டுவிடாதீர்கள். பிளேட்டோடு ஒப்பிட்டால் சீலின் விலை ஒன்றுமே இல்லை, அது ஒழுகிப் புதிய பிளேட்டை நனைத்தால் இந்த வேலை முழுவதும் திரும்ப வரும்.

புதிய பிளேட்டைப் போடும்போது அது சரியான நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டு நுழையாது. இதற்கென்று கருவி விற்கிறார்கள். சித்தப்பா வைத்திருந்தது முதிரைக் கட்டையில் சீவிய ஒரு தடி, நுனி ஒடுக்கம், நடு அகலம், கைபட்டுக் கைபட்டு எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய் இருக்கும். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலம், பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம், அப்போது கடையில் போய்க் கருவி கேட்க முடியாது என்பதால் செய்தது. அந்தத் தடி இப்போது என்னிடம் இருக்கிறது, மூன்று தடவையும் அதைத்தான் பாவித்தேன். விளக்குமாற்றுத் தடியில் இன்சுலேஷன் ரேப் சுற்றிச் சரியான தடிப்புக்குக் கொண்டுவந்தாலும் வேலை நடக்கும். பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, மாறிப் போடாதீர்கள், ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பொக்ஸைப் பார்க்க வேண்டும்.

திரும்ப ஏற்றும்போது தண்டு பிளேட்டின் பல்லுக்குள் விழாமல் அடம்பிடித்தால், கியரில் போட்டுவிட்டு இரண்டு அக்சில் துளைக்குள்ளும் அக்சிலைச் செருகி இரண்டையும் ஒரே திசையில் கொஞ்சம் திருப்புங்கள், விழும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துச் சேர்க்க நினைக்காதீர்கள், பெல் ஹவுசிங்கில் போல்ட் போகும் காது உடையும். இரண்டு முகமும் கையாலேயே ஒட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்பானர். ஒயிலை விடும் துளையில் இருந்து வழியத் தொடங்கும் வரைக்கும் விடுங்கள், கார் மட்டமாக நிற்கும்போது. கிளச் கேபிளில் கொஞ்சம் தளர்வு விட்டுப் பூட்டுங்கள், இறுக்கிப் பிடித்தால் புதிய பெயாரிங் சும்மா சுற்றிக்கொண்டே தேயும்.

முதல் தடவை என்றால் இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள், உதிரிப்பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மாருதி 800 செய்வதை 2014 இல் நிறுத்திவிட்டார்கள், பாகம் இன்னும் கிடைக்கிறது, ஆனால் கார் ஸ்ராண்டில் நிற்கும்போது பாகத்துக்காக வவுனியாவுக்குப் பஸ் ஏறுவது சரியான கரைச்சல்.

நீங்கள் இன்னும் கழற்றத் தொடங்கவில்லை என்றால், இன்று இரவு காருக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவிட்டு நாளைக் காலையில் பாருங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஒயில் சொட்டியிருந்தால் அதைக் கீழே எழுதுங்கள். எஞ்சின் ஒயிலா கியர் ஒயிலா என்று நிறத்தையும் மணத்தையும் வைத்துப் பார்த்தால் எந்தச் சீல் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.