கார்பன் ஃபைபர் விமானத்துக்குள் ஆன்டெனாவை எங்கே வைப்பது?

கேள்வி: மதுரையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம் சார். போட்டிக்காக 1.8 மீட்டர் இறக்கையுள்ள ஆளில்லா விமானம் ஒன்று செய்திருக்கிறோம். போன வருட விமானம் முழுக்கத் தெர்மோகோல். ஆன்டெனா வயிற்றுக்கு அடியில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, எந்தச் சிக்கலும் இல்லை. இந்த வருடம் இறக்கையை மட்டும் தெர்மோகோலில் விட்டுவிட்டு, உடலையும் வாலையும் கார்பன் ஃபைபரில் வார்த்தோம். காற்றுத் தடை குறையட்டும் என்று எல்லா ஆன்டெனாவையும் உடலுக்குள்ளேயே வைத்துவிட்டோம். நாகமலைப் பக்கம் ஒரு வறண்ட கண்மாயில் பறக்கவிட்டால், 400 மீட்டர் தாண்டித் திரும்பும்போது டெலிமெட்ரி, அதாவது விமானம் தன் நிலையைத் தரைக்கு அனுப்பும் ரேடியோ இணைப்பு, அறுந்துவிடுகிறது. முன்பு 14 செயற்கைக்கோள் காட்டிய ஜிபிஎஸ் இப்போது 5 காட்டுகிறது. பெரிய விமானங்களிலும் ஏவுகணைகளிலும் ஆன்டெனா கண்ணுக்கே தெரிவதில்லையே, அதை எப்படிச் செய்கிறார்கள்? நாங்களும் செய்யலாமா? இல்லை, இந்த உடலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வார்க்க வேண்டுமா?

பதில்: உடலைத் தூக்கிப் போட வேண்டாம். செங்குத்து வாலை மட்டும் கிளாஸ் ஃபைபரில் திரும்பச் செய்யுங்கள். முதுகில் ஒரு ஜன்னல் வெட்டி, கிளாஸ் ஃபைபர் மூடி போடுங்கள். டெலிமெட்ரி ஆன்டெனா வாலுக்குள் போகட்டும், ஜிபிஎஸ் மூடிக்கு அடியில் இருக்கட்டும். காரணம் தெரிந்து செய்தால் அடுத்த விமானத்தை வரையும்போதே இதற்கு இடம் ஒதுக்குவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலையைப் பொறுத்தவரை அது உலோகத் தகடுதான். நெய்த கார்பன் துணி இரண்டு அடுக்கு போட்டு எபாக்ஸி ஊற்றிவிட்டால், எவர்சில்வர் தூக்குவாளிக்குள் ரேடியோவை வைத்து மூடியது போல ஆகிவிடும். கிளாஸ் ஃபைபர், கெவ்லார், பால்சா மரம், தெர்மோகோல் எல்லாம் அலையை விட்டுவிடும். போன வருட விமானம் ஒழுங்காகப் பேசியதற்கு அந்தத் தெர்மோகோலும் ஒரு காரணம்.

அப்படியானால் 400 மீட்டர் வரைக்குமாவது இணைப்பு எப்படிக் கிடைத்தது? இடுக்குகள் வழியாகக் கசிந்திருக்கிறது. பேட்டரி மூடியின் விளிம்பு, இறக்கை உடலோடு சேரும் கோடு, மோட்டார் பக்கத்து ஓட்டை, இவைதான் உங்கள் விமானத்தின் உண்மையான ஆன்டெனாக்கள். உலோகத் தோலில் அரை அலைநீளத்துக்கு ஒரு கீறல் இருந்தால், அதே நீளக் கம்பியைப் போல அந்தக் கீறலும் அலையை வீசும். டெலிமெட்ரி ரேடியோவின் 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 34.6 சென்டிமீட்டர், அதில் பாதி 17.3. உங்கள் பேட்டரி மூடியின் ஒரு விளிம்பு கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும். கசிவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. விமானம் திரும்பி, பேட்டரி மூடி இல்லாத பக்கத்தை உங்களுக்குக் காட்டியதும் சிக்னல் விழுந்துவிடுகிறது. ரேடியோ கணக்கில் 20 டெசிபல் குறைந்தால், அதாவது சக்தி நூறில் ஒன்றானால், எட்டும் தூரம் பத்தில் ஒன்றாகிவிடும். 4 கிலோமீட்டர் போக வேண்டிய இணைப்பு 400 மீட்டரிலேயே நின்றுவிடும்.

ஜிபிஎஸ் நிலைமை இன்னும் மோசம். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து தரைக்கு வந்து சேரும் சிக்னல் ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு. அதற்கு நடுவில் கார்பன் தோல் போட்டுவிட்டு 5 செயற்கைக்கோள் தெரிகிறது என்றால், அதுவும் இடுக்கு வழியாக வந்ததுதான்.

இனி பெரிய விமானங்களுக்கு வருகிறேன். அங்கேயும் ஆன்டெனாவை உலோகத்துக்குள் ஒளித்துவைப்பதில்லை. வானிலை ரேடார் மூக்கில் இருக்கிறது, அதனால் மூக்கு மட்டும் ரேடோம் என்ற உலோகமில்லாத ஓடு. அந்த ஓட்டின் தடிமனைக்கூட ரேடாரின் அலைநீளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். உயரம் அளக்கும் ரேடியோ 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அதன் ஆன்டெனா சின்னது என்பதால் வயிற்றுத் தகட்டோடு தகடாகப் பதிந்துகொள்ளும். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸில் விமானி பேசும் ரேடியோவுக்கு அப்படிப் பதிக்க முடியாது, அலைநீளம் 2 மீட்டருக்கு மேல். அதனால் அது சுறாத் துடுப்பு வடிவில் வெளியேதான் நிற்கும். மதுரை விமான நிலையத்தில் இறங்கும் எந்தப் பயணிகள் விமானத்தையும் கவனித்துப் பாருங்கள், முதுகிலும் வயிற்றிலும் அந்தத் துடுப்புகள் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கடல் தாண்டிப் பேசும் எச்எஃப் ரேடியோ. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 10 முதல் 100 மீட்டர். அந்தக் காலத்தில் விமானி அறைக்கு மேலிருந்து வால் நுனி வரை கம்பி இழுத்துக் கட்டினார்கள். ஜெட் வேகத்துக்கு அது ஒத்துவரவில்லை. இப்போது பல பயணிகள் விமானங்களில் செங்குத்து வாலின் முன்விளிம்பில், அடிப்பகுதியில், உலோகத்தில் ஒரு வெட்டு விட்டு, அதை மின்கடத்தாப் பொருளால் மூடி, அங்கே மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். மின்னோட்டம் வெட்டைச் சுற்றி ஓடி விமானம் முழுவதும் பரவுகிறது. அதாவது விமானத்தின் உடம்பே ஆன்டெனா. நீங்கள் தெரியாமல் பேட்டரி மூடியில் செய்ததை அவர்கள் இடம் பார்த்து, அளவு பார்த்துச் செய்கிறார்கள்.

பீரங்கிக் குண்டிலும் இதே கதை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ரேடியோ ஃபியூஸ் செய்தார்கள், இலக்கு பக்கத்தில் வந்ததை ரேடியோ அலையால் உணர்ந்து குண்டை வெடிக்கவைக்கும் கருவி. அதில் மூக்கு நுனி பிளாஸ்டிக். அதற்குள் ஒரு சின்ன உலோகத் தொப்பி, மறுபக்கத்துக்குக் குண்டின் இரும்பு உடலே போதும். இரண்டும் சேர்ந்துதான் ஆன்டெனா. சுடும்போது புவியீர்ப்பைப் போல 20,000 மடங்கு உதையைத் தாங்க வேண்டும், தனியாக ஒரு கம்பி வைத்தால் நிற்காது. 1943 ஜனவரியில் பசிபிக் கடலில் ஹெலினா என்ற போர்க்கப்பல் முதன்முதலாக அதைக் கொண்டு எதிரி விமானத்தை வீழ்த்தியது.

ஏவுகணைக்கும் ராக்கெட்டுக்கும் வேறொரு தொல்லை, பறக்கும்போதே தன் அச்சில் சுழலும். ஒரே பக்கம் ஆன்டெனா வைத்தால், அந்தப் பக்கம் தரைக்குத் திரும்பும்போது மட்டுமே கேட்கும். இதற்கு மில்லிமீட்டர் கணக்கில் தடிமனுள்ள சர்க்யூட் பட்டையை உடலைச் சுற்றி ஒட்டுகிறார்கள். ராபர்ட் மன்சன் 1974இல் வெளியிட்ட கட்டுரை இதை விரிவாக விளக்கியது. பட்டையில் ஒரு இடத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதாது. பட்டைக்குள் ஓடும் அலையின் ஒரு அலைநீளத்துக்கு ஒன்றாவது வரும்படி 4, 8, 16 என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்போது எப்படி உருண்டாலும் சிக்னல் சமமாக இருக்கும். மூக்கு நேராகவும் வால் நேராகவும் மட்டும் குறையும். உங்கள் கல்லூரியில் ராக்கெட் குழு இருந்தால் அவர்களுக்கு இது உதவும். உங்கள் விமானம் சுழலப்போவதில்லை, உங்களுக்கு இது வேண்டாத வேலை.

உங்களுக்குச் சரியான முன்னோடி வேறொருவர். 1970களில் பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரி-ஈஸி என்ற சிறு விமானத்தை ஆர்வலர்கள் வீட்டிலேயே ஃபோமும் கிளாஸ் ஃபைபரும் வைத்துக் கட்டினார்கள். ஜிம் வீர் என்ற ரேடியோ பொறியாளர், செப்பு டேப்பை இரண்டு கைகளாக வெட்டி, கிளாஸ் துணி போடுவதற்கு முன்பே ஃபோம் மேல் ஒட்டிவிடச் சொன்னார். வெளியே எதுவும் நீட்டவில்லை, காற்றுத் தடையும் இல்லை. அதையே நீங்கள் செய்யுங்கள்.

செங்குத்து வாலை ஃபோமில் வெட்டி, நடுவில் கார்பன் குச்சிக்குப் பதில் மூங்கில் குச்சி வையுங்கள். செப்பு டேப்பில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டர். கீழ்க்கை கார்பன் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, வால் 25 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் வசதி. கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை மேல்கையிலும் பின்னலைக் கீழ்க்கையிலும் பற்றவையுங்கள். பிறகு கேபிளை டேப்புக்குச் செங்குத்தாகக் குறைந்தது 9 சென்டிமீட்டர் கொண்டுபோய்விட்டுத்தான் கீழே இறக்க வேண்டும். கேபிளை டேப்போடு ஒட்டி இறக்கினால் கேபிளும் ஆன்டெனாவாக மாறிவிடும். சுக்கான் சர்வோவின் கம்பியையும் டேப்பிலிருந்து தள்ளியே வையுங்கள்.

கிளாஸ் ஃபைபருக்குள் அலையின் வேகம் குறையும், அதனால் கணக்குப் போட்ட நீளம் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆன்டெனா எந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் நேனோ விஎன்ஏ என்ற கையடக்கக் கருவி ஒன்றைத் துறையில் கேட்டு வாங்குங்கள், இல்லை குழுவாகச் சேர்ந்து வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முதலில் ஒரு பழைய ஃபோம் துண்டில் இதே டேப், இதே துணி, இதே எபாக்ஸி போட்டு ஒரு மாதிரி செய்து காய விடுங்கள். 866இல் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) 2க்குக் கீழே வரும் நீளத்தை அதில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு உண்மையான வாலை வாருங்கள். மூடியபிறகு டேப்பை வெட்ட முடியாது. சில்வர் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், அதில் அலுமினியத் தூள் இருக்கும். சாதாரண வெள்ளை போதும். நம்ம ஊர் வெயிலில் எபாக்ஸி இளகாமல் இருக்கவும் வெள்ளைதான் நல்லது.

இறக்கை தெர்மோகோல்தானே, இந்த இரண்டு கை ஆன்டெனாவை, அதாவது டைபோலை, அங்கேயே படுக்கவைக்கலாமே என்று தோன்றும். டைபோலின் இரண்டு நுனிப் பக்கமும் சிக்னல் போகாது. நீங்கள் நடுவில் நின்று விமானத்தை வட்டமடிக்க விட்டால், இறக்கை நுனிதான் எப்போதும் உங்களைப் பார்த்திருக்கும். செங்குத்தாக வைத்தால் விமானம் 45 டிகிரி சாய்ந்தாலும் இழப்பு 3 டெசிபல், 60 டிகிரியில் 6. அதைத் தாங்கிக்கொள்ளலாம். தரையில் உள்ள ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்க வேண்டும்.

கட்டுப்பாட்டு ரிசீவரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் டெலிமெட்ரியைவிட அதுதான் முக்கியம். அதுவும் கார்பனுக்குள் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் உயிருள்ள பகுதி கேபிள் நுனியின் 31 மில்லிமீட்டர்தான். இரண்டு நுனிகளையும் தெர்மோகோல் இறக்கைக்குள், ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், உடலையும் கார்பன் குழாயையும் விட்டுச் சில சென்டிமீட்டர் தள்ளிப் பதியுங்கள்.

ஜிபிஎஸ் ஜன்னல் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஜிபிஎஸ் ஆன்டெனாவின் பீங்கான் பட்டை வானத்தைப் பார்க்க, அடியில் 7 சென்டிமீட்டர் சதுரச் செப்புத் தகடு. கேமரா கேபிளும் மோட்டார் கன்ட்ரோலரும் பக்கத்தில் வரக்கூடாது.

பறக்கவிடும் முன் ஒரு சோதனை. கண்மாயின் நடுவில் பிளாஸ்டிக் மேசை போட்டு விமானத்தை வையுங்கள். டெலிமெட்ரி சக்தியைக் குறைத்துக்கொண்டு, 50 மீட்டர் தள்ளி நின்று, விமானத்தை 45 டிகிரி வீதம் திருப்பி எட்டுத் திசையிலும் சிக்னல் அளவைக் குறியுங்கள். அடுத்து ஒரு பக்கம் சாய்த்து மறுபடி எட்டு. ஏதாவது ஒரு திசையில் 15, 20 டெசிபல் பள்ளம் தெரிந்தால் பறக்கவிடாதீர்கள், அந்தப் பக்கம் என்ன உலோகம் மறைக்கிறது என்று தேடுங்கள்.

ரேடியோவின் மேல் 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது அமெரிக்கச் சந்தைக்கானது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதியுள்ளது 865 முதல் 868 வரை. ரேடியோவை மாற்றினால் கூட வந்த ஆன்டெனாவையும் மாற்ற வேண்டும். மதுரை விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் உயரம். உங்கள் கண்மாய் எந்த வட்டத்தில் விழுகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.