மச்சான் தோப்பில் வெயில், நம் தோப்பில் ஆலங்கட்டி

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் நான்கு ஏக்கரில் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. போன மே மாதம் ஒரே சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் பாதிக் காய் கொட்டிவிட்டது, கூடவே ஆலங்கட்டி. நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மச்சான் தோப்பில் ஒரு சொட்டுகூட இல்லை. செல்போனில் மழை என்று காட்டுகிற நாளில் வருவதில்லை. வருகிற நாளில் காட்டுவதில்லை. இந்த மழை எப்படித்தான் உருவாகிறது? இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும் சார், வழி உண்டா?

பதில்: நல்லவேளை, இரண்டு மணி நேரம்தான் கேட்டீர்கள். "நாளை மாலை 4 மணிக்கு என் தோப்பில் பெய்யுமா" என்று கேட்டிருந்தால் கையை விரித்திருப்பேன். அதை யாராலும் சொல்ல முடியாது. அன்றைய மதியம், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ஓரளவு சொல்லலாம். அதற்கு இந்த மழை எங்கே பிறக்கிறது என்று தெரிய வேண்டும்.

வெயில் அடித்தால் மழை வரும் என்பது பாதி உண்மைதான். அப்படியானால் கத்திரி வெயிலில் தினமும் கொட்ட வேண்டுமே! சூடான தரை காற்றை மேலே தள்ளும், சரி. அந்தக் காற்றில் ஈரமும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அந்த ஈரம் வங்கக் கடலிலிருந்து தென்கிழக்குக் காற்றோடு வருகிறது. வடமேற்கே தக்காணத்திலிருந்து வருவது வறண்ட காற்று. இரண்டும் சந்திக்கும் கோடு உள்நாட்டில் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடும். ஒரு நாள் பெங்களூருக்கு மேல் இருக்கும், ஒரு நாள் நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். சந்திக்கிற இடத்தில் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. போதாததற்கு நம் மண்ணின் அமைப்பு: ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், கிருஷ்ணகிரி 500 மீட்டர். சூளகிரி, ராயக்கோட்டை வழியாக இறங்கும் அந்த மேட்டு விளிம்பு, மதிய வெயிலில் காற்றை மேலே ஏற்றிவிடும் ஏணி மாதிரி.

ஏறும் காற்று குளிரும்; ஆவி துளியாகும். துளியாகும்போது வெப்பம் வெளிப்படும். அந்த வெப்பம் காற்றை இன்னும் இலேசாக்கி இன்னும் மேலே தூக்கும். ஒருமுறை கிளம்பிவிட்டால் மேகம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ரகசியம் இதுதான். ஒரு மணிக்குப் பஞ்சுப் பொதியாக இருந்தது மூன்று மணிக்குள் 12 கிலோமீட்டர் உயரம் போய்விடுவதும் உண்டு.

நம் பகுதியில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அங்கே போகும் நீர்த்துளிகள் உடனே உறைவதில்லை. குளிர்ந்த நீராகவே மிதந்து, ஏதாவது ஒரு பனித்துணுக்கில் மோதியதும் அதன்மேல் ஒட்டி உறைகின்றன. மேலேறும் காற்று தாங்கும் வரை இப்படியே பருத்து, தாங்க முடியாதபோது விழுவதுதான் ஆலங்கட்டி. சின்னது வழியிலேயே கரைந்து பெரிய மழைத்துளியாக வரும். பெரியது உங்கள் செந்தூராமேல் விழும்.

ஆனால் உங்கள் காயைக் கொட்டியது பெரும்பாலும் ஆலங்கட்டி அல்ல, காற்று. மேகத்திலிருந்து இறங்கும் மழை கீழேயுள்ள வறண்ட காற்றில் கொஞ்சம் ஆவியாகும். அதனால் அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, தொப்பென்று தரையில் விழும். வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் நாலா பக்கமும் ஓடுமே, அப்படி ஓடும். மழைக்கு முன்னால் புழுதியோடு வரும் ஜில்லென்ற காற்று அதுதான். மழை பெய்யாத ஊரிலும் அது காயை உதிர்த்துவிட்டுப் போகும்.

மச்சான் தோப்பு தப்பியதும் இதனால்தான். தனி இடிமேகம் ஒன்றின் அகலம் பெரும்பாலும் ஐந்து பத்து கிலோமீட்டர். ஆயுசு ஒரு மணி நேரம்கூட இருக்காது. அதன் ஓரம் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. அது சாகும்போது விடும் குளிர்காற்று முன்னால் இருக்கும் வெப்பக்காற்றைத் தூக்கி அடுத்த மேகத்தைக் கிளப்பும். இப்படிச் சங்கிலியாகத்தான் ஓசூர் பக்கம் ஆரம்பித்தது நம்மிடம் வந்து சேர்கிறது.

செல்போன் கணிப்பு கட்டம் கட்டமாகப் போடப்படுவது. ஒரு கட்டத்தின் பக்கமே பல கிலோமீட்டர் இருக்கும், உங்கள் நான்கு ஏக்கர் அதற்குத் தெரியாது. வானிலை மையம் "ஓரிரு இடங்களில்" என்று சொன்னால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யலாம் என்று பொருள். முக்கால்வாசி ஊரில் பெய்யாவிட்டாலும் அறிவிப்பு சரிதான்! ரேடார் பார்க்கலாமே என்றால், சென்னை ரேடாரிலிருந்து நாம் நேர்கோட்டில் 230 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். பூமி உருண்டை என்பதால் அதன் கதிர் இங்கே வரும்போது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் போகும். நெடுநெடுவென்று வளர்ந்த மேகம் தெரியும், இப்போதுதான் முளைக்கும் மேகம் தெரியாது.

அதனால் கண்ணையும் நம்புங்கள். காலையிலேயே தென்கிழக்குக் காற்று, ஒன்பது மணிக்கே வியர்வை காயாத புழுக்கம் என்றால் அன்று கவனம் தேவை. காற்று வறண்டு, வெக்கை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு மணியிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் திசையைப் பாருங்கள். அகலத்தைவிட உயரம் அதிகமாக, விளிம்பு காலிஃபிளவர் மாதிரி கூர்மையாக இருந்தால் அது வளர்கிற மேகம். விளிம்பு பிய்ந்த பஞ்சாகத் தெரிந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உச்சி தட்டையாகி, கொல்லன் பட்டடை மாதிரி ஒரு பக்கம் நீண்டுவிட்டால் இடி, மின்னல், காற்று எல்லாம் தயார். அந்த நீட்டம் உங்களை நோக்கி இருந்தால் எச்சரிக்கை.

கணக்கும் எளிதுதான். ஓசூரிலிருந்து காவேரிப்பட்டணம் நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். மேகக்கூட்டம் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் நகர்ந்தால் நீங்கள் கேட்ட இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. ராயக்கோட்டை தலைக்கு மேலேயே கிளம்பினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் செல்போனில் சரிபாருங்கள்: வானிலைத் துறையின் மூன்று மணி நேர எச்சரிக்கை மாவட்டவாரியாக வரும், மின்னல் எங்கே விழுகிறது என்பதைத் தாமினி செயலி காட்டும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் தோப்பைக் காப்பாற்ற முடியாது, காயில் கொஞ்சத்தைக் காப்பாற்றலாம். முற்றிய செந்தூராவைப் பறித்துவிடுங்கள். பறித்து மரத்தடியில் குவித்ததைக் கூரைக்குள் ஏற்றுங்கள். மருந்து தெளிப்பதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். தென்கிழக்குக் காற்று சட்டென்று நின்று மேற்கிலிருந்து குளிர்ந்து வீசினால் வேலை முடிந்தது, ஆட்களைத் தோப்பை விட்டு அனுப்பிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவிலுள்ள விநாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மாமரத்தடியும் நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையும் அப்போது ஒதுங்கும் இடமல்ல. வீட்டுக்குள் போங்கள், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்.

இதை எல்லா மழைக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். ஆடியில் ஒகேனக்கலில் செந்நிறமாக வெள்ளம் பாயும், பென்னாகரம் காட்டில் புழுதி பறக்கும். அந்தத் தண்ணீர் குடகில் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து வாங்கிய மழை, நாம் மலைக்கு மறைவில் இருக்கிறோம். கார்த்திகையில் வரும் புயல் மழை வேறு ரகம். ஃபெஞ்சல் புயலின் மிச்சம் 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு மேகத்தின் விளிம்பைப் பார்த்துப் பயனில்லை, வானிலை மையத்தின் அறிவிப்பைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஆலங்கட்டி அடித்த பிறகு, காயம்பட்ட காயை நல்ல காயோடு மண்டிக்கு அனுப்பாதீர்கள். புண் வழியாக அழுகல் பரவும். சேதத்தைப் படமெடுத்து அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள்.

நீண்ட நாள் வழி, காற்று வரும் பக்கத்து வரப்பில் இரண்டு வரிசை சவுக்கு. வளர்ந்த வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். மேற்கா வடமேற்கா என்பது தோப்புக்குத் தோப்பு மாறும். இந்தக் கோடையில் மழைக்கு முன் முதல் காற்று எந்த மூலையிலிருந்து அடிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் காலண்டரில் குறித்து வையுங்கள். எந்த வரப்பில் நடுவது என்று ஐப்பசியில் அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.